பாட்டி பிடுங்கிப் போட்ட தண்ணீர்விட்டான்

மக்களே, இன்னைக்கு ஒரு செடியோட வரலாறு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க, கடைசியில தோட்டக்குறிப்பும் இருக்கு.

1.
போன மாசம் ஓ.பி.யில நடந்தது. அந்தக் குடும்பத்தோட அனுமதியோட, அடையாளம் தெரியாம எழுதுறேன்.

மணிமங்கலம் பக்கம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ஒரகடம் போற கம்பெனி பஸ். நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடிச்ச போர்க்களங்கள்ல ஒண்ணுன்னு செப்பேடு சொல்ற அதே மணிமங்கலம்தான். நைட் ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோட ஒருத்தர் தன் அம்மாவைக் கூட்டிட்டு வந்தார். பி.பி. 180/100.

"மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?"

"போடுறாங்க சார். ஆனா பத்து நாளா தூங்கல, சரியா சாப்பிடல."

பேரனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை நல்லாவே போயிட்டிருக்கு. ஆனா யாரோ வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பிட்டாங்க: "அஸ்பாரகஸ் சாப்பிட்டா கேன்சர் பரவும். நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே குடும்பம்தான்."

வேலியோரம் அந்தக் கொடியை வளர்த்தது பாட்டி. கிழங்கைக் காயவெச்சுப் பொடிச்சு, 'புள்ளைக்குத் தெம்பு வரட்டும்'னு பால்ல கலந்து குடுத்ததும் அவங்கதான்.

"நான் குடுத்த கிழங்காலதான் தம்பி அவனுக்கு வந்துச்சு. கொடியை வேரோட பிடுங்கிப் போட்டுட்டேன்"னு சொல்லி அழுதாங்க.

2.
அந்தப் பாட்டிக்கு நான் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல செடி. மால்ல கட்டுக்கட்டா, தடிமனான பச்சைக் குச்சி மாதிரி விக்கிறாங்களே, அதுதான் அஸ்பாரகஸ். நம்ம தண்ணீர்விட்டான், அதாவது சதாவரி, அதே பேரினம். அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கலாம். பூங்கொத்துல ரோஜாவுக்குப் பின்னாடி பஞ்சு மாதிரி ஒரு பச்சை இருக்குமே, அதுவும் இவங்க சொந்தம்தான்.

ஐரோப்பாக்காரங்க மண்ணைப் பிளந்துக்கிட்டு வர்ற இளந்தண்டைச் சாப்பிட்டாங்க. நாம மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கைத் தோண்டினோம்.

3.
இதை வீட்டுத் தோட்டத்துல எப்படி வளர்க்கிறதுன்னு 2,100 வருஷத்துக்கு மேலயே எழுதி வெச்சிருக்காங்க. ரோமானியர் கேட்டோ, கி.மு. 160 வாக்கில எழுதின விவசாயப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள்ல அஸ்பாரகஸ் பாத்தி வருது.

வரிசையா குழி போடு, குழிக்கு ரெண்டு மூணு விதை. ஆட்டு எரு போடு, மத்த எருவுல களை வரும். முதல் வருஷங்கள்ல தண்டைப் பறிக்காதே, வேர் பலவீனமாயிடும்.

நம்ம ஊர் ஆட்டுக்கிடை போடுறவர் சொல்ற மாதிரியே இருக்குல்ல?

அந்த விதி இன்னைக்கும் மாறல. விதைச்சதுல இருந்து ரெண்டு வருஷம் கை வைக்கக்கூடாது. மூணாவது வருஷம் வசந்த காலத்துல சில வாரம் மட்டும் வெட்டலாம். அப்புறம் விட்டுடணும். விட்ட தண்டு விரிஞ்சு, வெயில்ல சத்து செஞ்சு வேருக்கு அனுப்பும். அடுத்த வருஷத் தண்டு அந்தச் சேமிப்புலதான் வரும்.

4.
இப்போ பாரிஸ், 1806.

வோக்லான்னு ஒரு வேதியியலாளர். குரோமியத்தைக் கண்டுபிடிச்சவர். அவர்கிட்ட ரோபிகேன்னு ஓர் இளைஞர் வேலை பார்த்தார். ரெண்டு பேரும் அஸ்பாரகஸ் சாறை எடுத்து, சுண்ட வெச்சு, அப்படியே விட்டுவெச்சாங்க. அடியில பளபளன்னு படிகம். கல்கண்டு மாதிரி.

செடியோட பேரையே வெச்சு அதை ஆஸ்பாரஜின்னு கூப்பிட்டாங்க. என்னன்னு அப்போ அவங்களுக்கே முழுசா புரியல.

மனுஷன் கண்டெடுத்த முதல் அமினோ அமிலம் அதுதான். நம்ம உடம்போட புரதம் எல்லாம் 20 அமினோ அமிலங்களால கட்டின வீடு. அதுல முதல் செங்கல் கிடைச்ச இடம் ஒரு காய்கறிப் பாத்தி!

(அதே ரோபிகே 1832ல அபின்ல இருந்து கோடீனைப் பிரிச்சார். இருமல் மருந்துல கேள்விப்பட்டிருப்பீங்களே, அதே கோடீன்தான்.)

5.
இங்க ஒண்ணை நல்லா புரிஞ்சுக்கணும்.

முதல்ல கிடைச்சது அஸ்பாரகஸ்ல. அதனால பேரு ஆஸ்பாரஜின். அவ்வளவுதான். அது அந்தச் செடியில மட்டும் இருக்கிற பொருள் இல்ல. உருளைக்கிழங்கு, பருப்பு, பால், முட்டை, மீன், கோழி எல்லாத்துலயும் இருக்கு. எதுவுமே சாப்பிடலன்னாலும் நம்ம உடம்பே அதைச் செஞ்சுக்கும்.

வீடியோக்காரர் தடுக்கி விழுந்தது இந்தப் பேர்லதான்.

6.
அடுத்து நியூயார்க், 1953.

ஜான் கிட்னு ஒரு மருத்துவர் எலிகளுக்கு வர்ற லிம்போமா புற்றுநோயை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். அந்த எலிகளுக்குக் கினிப் பன்றியோட ரத்தச் சீரத்தை ஊசியா போட்டார். கட்டி கரைஞ்சு போச்சு. முயல் சீரம், குதிரை சீரம் போட்டுப் பார்த்தார். ஒண்ணும் நடக்கல.

கினிப் பன்றி ரத்தத்துல மட்டும் அப்படி என்ன இருக்கு?

பதில் 1961ல வந்துச்சு. ஜான் புரூம் காட்டினார்: அந்த ரத்தத்துல ஆஸ்பாரஜினேஸ்னு ஒரு நொதி இருக்கு. ஆஸ்பாரஜினை உடைக்கிறதுதான் அதோட வேலை.

சாதாரண செல் தனக்கு வேணும்கிற ஆஸ்பாரஜினைத் தானே சமைச்சுக்கும். இந்த வகை ரத்தப் புற்றுநோய் செல் பலதுக்குச் சமைக்கத் தெரியாது. ரத்தத்துல ஓடுறதை எடுத்துத்தான் பிழைக்கும். தினமும் ஹோட்டல்ல சாப்பிடுற பேச்சிலர் மாதிரி. அந்த ஹோட்டலை மூடிட்டா? வீட்ல சமைக்கிறவனுக்குப் பிரச்சினை இல்ல, பேச்சிலர் பட்டினி.

7.
கினிப் பன்றியை வெச்சு உலகத்துக்கே மருந்து செய்ய முடியுமா? முடியாது.

1964ல, ஈ.கோலை பாக்டீரியாவோட ஆஸ்பாரஜினேஸும் இதே வேலையைச் செய்யும்னு தெரிஞ்சுது. பாக்டீரியாவைத் தொட்டியில வளர்க்கலாம். 1978ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி கிடைச்சுது. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால 1954ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணும் 1980கள்ல எம்.சி.பி. 841ன்னு ஒரு சிகிச்சைத் திட்டத்தைக் குழந்தைகளோட லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்குக் கொண்டுவந்தாங்க. அதுலயும் இந்த ஆஸ்பாரஜினேஸ் உண்டு.

ஒரு காலத்துல சில மாசத்துல உயிரை எடுத்த நோய். இன்னைக்கு, நல்ல சிகிச்சை முழுசா கிடைக்கிற நாடுகள்ல 10 குழந்தைகள்ல சுமார் 9 பேர் பிழைக்கிறாங்க. அது ஒரே மருந்தால இல்ல, பல மருந்து சேர்ந்து. இது அதுல முக்கியமான ஒண்ணு.

8.
அப்போ அந்த வீடியோ எங்கிருந்து வந்துச்சு?

2018ல கேம்பிரிட்ஜ் குழுவோட ஓர் ஆராய்ச்சி 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு. எலிகள்ல ஒரு வகை மார்பகப் புற்றுநோய். ஆஸ்பாரஜினைக் குறைச்சா அது மத்த உறுப்புக்குப் பரவுறது குறையுதுன்னு பார்த்தாங்க. நல்ல ஆராய்ச்சிதான். ஆனா எலியில. வேற புற்றுநோய்ல. அவங்க பேசினது ஆஸ்பாரஜின் பத்தி, ஒரு காய்கறி மேல பழி போடல.

தலைப்பு போட்டவங்களுக்குப் பேரு மட்டும் கண்ணுல பட்டுடுச்சு. அதுக்கு முன்னாடி பல வருஷமா 'அஸ்பாரகஸ் கேன்சரைக் குணமாக்கும்'னு சுத்தின பார்வர்டும் இதே மாதிரி பொய்தான்.

9.
பாட்டிகிட்ட பேரனோட சிகிச்சை நோட்டை வாங்கிப் பார்த்தேன். எதிர்பார்த்த மாதிரியே இருந்துச்சு: எல்-ஆஸ்பாரஜினேஸ்.

"பாட்டி, தொடையில ஒரு ஊசி போடுறாங்கல்ல? அந்த ஊசியோட பேர்லயே உங்க கொடியோட பேரு இருக்கு. உங்க கொடியோட அக்காகிட்டதான் இந்தக் கதையே ஆரம்பிச்சுது. நீங்க குடுத்த கிழங்கால அவனுக்கு இந்த நோய் வரல."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ திரும்ப நட்டுக்கலாமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

நடலாம். ஆனா சிகிச்சை முடியற வரைக்கும் பேரனுக்குப் பொடி வேண்டாம்னு சொன்னேன். இந்த ஊசியே கல்லீரலுக்கும் கணையத்துக்கும் சிரமம் குடுக்கக்கூடியது. அதோட வேற மூலிகை சேர்ந்தா எது எதைப் பண்ணுதுன்னு டாக்டருக்குத் தெரியாது. இதுவரைக்கும் குடுத்ததையும் புற்றுநோய் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொன்னேன். யாரும் திட்ட மாட்டாங்க.

10.
சொன்ன மாதிரி தோட்டக்குறிப்பு.

மால்ல விக்கிற அஸ்பாரகஸ் குளிர்ல தூங்கி எழுற செடி. நம்ம சமவெளி வெயில்ல தண்டு ஈர்க்குச்சி மாதிரிதான் வரும். மணிமங்கலத்துக்குத் தண்ணீர்விட்டான்தான் சரி.

விதை முளைக்க நாளாகும். தாய்ச்செடியோட தூரைப் பிரிச்சு நடுறது சுலபம். ஏரிப் பக்கத்துக் களிமண்ணா? மேட்டுப்பாத்தி போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும். மணல், மக்கின ஆட்டு எரு கலந்துக்கோங்க. முள் உண்டு, கொடி ஏற பந்தலோ வேலியோ வேணும். சிவப்புப் பழத்தைக் குழந்தைங்க வாயில போடாம பார்த்துக்கோங்க.

ஒன்றரை ரெண்டு வருஷம் பொறுங்க. கொடி மஞ்சளடிச்சதும் தோண்டினா விரல் விரலா கொத்துக் கிழங்கு. சில கிழங்கோட தூரை விட்டு மண்ணை மூடுங்க, மறுபடி தழைக்கும். காட்டுல போய் வேரோட பிடுங்கிட்டு வராதீங்க. இதோட கிழங்கு மருந்துக்காக நிறைய தோண்டப்படுது. வீட்ல ஒரு கொடி வளர்த்தா காட்டுல ஒரு கொடி மிஞ்சும்.

11.
கடைசியா ஒண்ணு.

குழந்தைக்கு விடாத காய்ச்சல், வெளிறிப்போறது, காரணமில்லாம உடம்புல நீலத் தடிப்பு, எலும்பு வலி, கழுத்துல நெறிகட்டி குறையாம இருக்கிறது. இதெல்லாம் இருந்தா பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனையில ஒரு ரத்தப் பரிசோதனை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்துட்டுப் போங்க.

சிகிச்சையில இருக்கிறவங்க, பார்வர்டைப் பார்த்து ஒரு ஊசியைக்கூட தள்ளிப்போடாதீங்க.

பாட்டி போன வாரம் திரும்ப வந்தாங்க. பி.பி. 140/90. பிடுங்கிப் போட்ட தூர்ல ஒண்ணு இன்னும் காயலையாம். எடுத்து நட்டுட்டாங்களாம்.

"ரெண்டு வருஷம் ஆகும்ல தம்பி?"

ஆமா பாட்டி. பேரனோட சிகிச்சையும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான்.