26, 27.5, 29: சக்கரத்தின் அளவை யார் முடிவு செய்தது?

போன மாதம் என் பழைய மலை சைக்கிளின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. 2010-ல் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடையில் இருந்த தம்பி ஃபோர்க்கைக்கூடப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இது இருபத்தாறு. இதுக்கு நல்ல ஃபோர்க் எல்லாம் இப்ப வர்றதே இல்ல. வண்டியையே மாத்திடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஃப்ரேமில் ஒரு கீறல் இல்லை, கியர் எல்லாம் கச்சிதமாக விழுகிறது. சக்கரம் 26 அங்குலம் என்பது மட்டும்தான் அது செய்த குற்றம். "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபார தந்திரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பத்து வருடமாக நண்பர்களிடம் நான் சொல்லி வந்ததும் இதைத்தான். ஆனால் உண்மையிலேயே தந்திரம்தானா என்று ஒருநாளும் சரிபார்த்ததில்லை. இந்த முறை உட்கார்ந்து தேடினேன். தேடியதில் கிடைத்த கதை நான் நினைத்ததைவிட வேடிக்கையாக இருந்தது.

26 எங்கிருந்து வந்தது?

மலை சைக்கிள் பிறந்த இடம் கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் மரின் கவுன்ட்டி. 1970-களில் டமால்பைஸ் மலையைச் சுற்றியிருந்த சில இளைஞர்கள், தீயணைப்பு வண்டிகள் போவதற்காக வெட்டிய மண் சாலைகளில் பழைய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இறங்குவதை விளையாட்டாக வைத்திருந்தார்கள். 1976 அக்டோபர் 21-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் முதல் பந்தயம் நடந்தது. சுமார் 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'.

பெயர்க்காரணம் நம் சைக்கிள் கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த வண்டிகளில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்தான். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுபடி கழற்றி, துடைத்து, புது கிரீஸ் வைத்தால்தான் அடுத்த சவாரி. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ஓவராயில்! அதுதான் ரீபேக்.

அவர்கள் ஏன் பழைய சைக்கிளைத் தேடிப் போனார்கள்? டயருக்காக. 1933-ல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி 26 அங்குல விட்டமும் 2.125 அங்குல அகலமும் கொண்ட 'பலூன் டயர்' சைக்கிளை விற்க ஆரம்பித்தது. சிறுவர்கள் நடைபாதை ஓரத்தில் மோதினாலும் தாங்க வேண்டும் என்று செய்த தடித்த டயர். நாற்பது வருடம் கழித்து, கல்லிலும் மண்ணிலும் தாங்கக்கூடிய அகல டயர் என்று அமெரிக்காவில் சுலபமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

1977-ல் ஜோ ப்ரீஸ், மலைக்கென்றே ஒரு ஃப்ரேமைப் புதிதாகச் செய்தார். அடுத்து டாம் ரிச்சி ஃப்ரேம் செய்ய, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகிக் கடைகளுக்கு வந்தது. ஃப்ரேம், பிரேக், கியர் என்று எல்லாவற்றையும் யோசித்து மாற்றினார்கள். சக்கரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. டயர் 26-ல்தான் கிடைக்கிறது, அதனால் ரிம் 26, அதனால் ஃபோர்க் 26. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். முதல் வெர்ஷனில் யாரோ அவசரத்துக்குப் போட்ட ஒரு எண், பிறகு எல்லா இடத்திலும் பரவி, கடைசியில் அதுவே ஸ்டாண்டர்டு ஆகிவிடும்.

நோக்கியா டயர் வந்திருந்தால்

கதை வேறு மாதிரி போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவர், சேறும் வேரும் நிறைந்த காட்டுப் பாதைகளுக்காகத் தனியாக சைக்கிள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்தியது ஃபின்லாந்தின் நோக்கியா செய்த பனிக்கால டயர்கள். ஆமாம், அதே நோக்கியாதான். போன் செய்வதற்கு முன்பே அவர்கள் ரப்பர் வியாபாரத்தில் இருந்தார்கள். அந்த டயர்கள் 26 அல்ல, அதைவிடப் பெரிய ஐரோப்பிய அளவுகள். ஆப்ஸ் அவற்றைக் கலிபோர்னியாவுக்கும் அனுப்பினார். ஃபிஷர், கெல்லி வட்டாரத்துக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஃபின்லாந்திலிருந்து டயர் ஒழுங்காக வந்து சேரவில்லை. டயர் இல்லாத சக்கரத்தை வைத்துக்கொண்டு யார் கடை நடத்த முடியும்? 26 ஜெயித்தது. 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் முதல்முறையாக நுழைந்தபோது, உலகமே 26-ல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெயரில் இருக்கும் குழப்பம்

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. 26, 27.5, 29 என்பவை டயரோடு சேர்ந்த விட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும் பெயர்கள். டயர் போய் உட்காரும் ரிம்மின் விட்டம்தான் உண்மையான அளவு. மலை சைக்கிளின் 26-க்கு அது 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். 27.5 என்பது நடுவில் இல்லை. 26-லிருந்து 25 மி.மீ. தூரம், 29-லிருந்து 38 மி.மீ. தூரம். அடுத்தது, நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மி.மீ. இன்று 'பெரிய சக்கரம்' என்று விற்கும் 29-ஐவிட அது 13 மி.மீ. பெரியது!

ஒரு முதல் வருஷக் கணக்கு

சரி, பெரிய சக்கரம் கரடுமுரடான பாதையில் உண்மையிலேயே நல்லதா? பி.இ. முதல் வருஷம் படித்தவர்கள் எல்லாரும் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் தாளில் ஒரு கணக்கைப் போட்டிருப்போம். ஓர் உருளையை ஒரு படியின் மேல் இழுத்து ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்? அதே கணக்குதான் இதுவும்.

மூன்று சக்கரத்துக்கும் 57 மி.மீ. உயரமுள்ள ஒரே மாதிரி டயர் என்று வைத்துக்கொள்வோம். மொத்த விட்டம் 26-க்கு 673 மி.மீ., 29-க்கு 736 மி.மீ. எதிரே 10 செ.மீ. உயரத்தில் ஒரு கல். சக்கரத்தின் மேல் 60 கிலோ பாரம். அச்சை நேராக முன்னோக்கித் தள்ளி அந்தக் கல்லில் ஏற்ற, 26-க்குச் சுமார் 61 கிலோ அளவு விசை வேண்டும். 29-க்கு 56.5 போதும். கல்லைத் தொடும் கோணத்தில் வித்தியாசம் வெறும் 2 டிகிரிதான். விசையில் 7 சதவீதம்.

பள்ளத்துக்கும் போட்டுப் பார்த்தேன். 30 செ.மீ. அகலமுள்ள குழிக்குள் 26 சுமார் 35 மி.மீ. இறங்கும், 29 சுமார் 32 மி.மீ. இறங்கும்.

விடை வந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. "பார்த்தாயா, 7 சதவீதத்துக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று நண்பனுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "ஒரு கல்லுக்கு ஏழு சதவீதம்டா. ஒரு இறக்கத்துல எத்தனை கல்லு?"

பதில் சொல்ல முடியவில்லை. கல் நிறைந்த பாதையில் ஒவ்வொரு மோதலும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். நூற்றுக்கணக்கான மோதலில் அது கூடிக்கொண்டே போகும். அந்தக் குலுக்கல் கையில் ஏறி, கை சோர்ந்து, பிரேக் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போனால் தப்பு நடக்கும்.

என் கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. சக்கரம் பெரிதானால் அச்சு சுமார் 3 செ.மீ. மேலே போகிறது. ஆனால் பெடல் இருக்கும் உயரம் அப்படியே இருக்கும். அதாவது ஓட்டுபவர் வண்டியின் மேல் நிற்பதுபோல் இல்லாமல், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ளே இறங்கி நிற்பதுபோல் ஆகிறது. செங்குத்தான இறக்கத்தில் முன்பக்கமாகக் குப்புறப் போய்விடுவோமோ என்ற பயத்தைக் குறைப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. ரிம்மும் டயரும் நீளம் கூடுவதால் எடை கூடும். சுற்றும் விளிம்பில் சேரும் ஒவ்வொரு கிராமும், வேகம் எடுக்கும்போது இரண்டு கிராம்போல் கணக்காகும். போக்ஸ் கம்பிகள் நீளமாவதால் சக்கரம் பக்கவாட்டில் வளையும். குறுகலான வளைவுகளில் திருப்ப மந்தமாக இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு, இறக்கத்தில் பின்னால் சாயும்போது பின் டயர் உட்காரும் இடத்தில் உரசும்.

29 ஜெயித்த விதம்

1999-ல் டபிள்யூ.டி.பி. என்ற கலிபோர்னியா கம்பெனி 'நானோராப்டர்' என்று 622 மி.மீ. ரிம்முக்கான அகலமான மலை டயரைக் கொண்டுவந்தது. ஏன் 622? ரோடு சைக்கிளின் ரிம் அந்த அளவில் ஏற்கெனவே உலகம் முழுக்கக் கிடைத்துக்கொண்டிருந்தது. டயர் மட்டும்தான் பாக்கி. சில வருடங்களில், 26-ஐ ஊருக்கு அறிமுகப்படுத்திய அதே கேரி ஃபிஷர், தன் பெயரில் 29 அங்குல வண்டிகளை விற்க ஆரம்பித்தார்.

முதலில் வந்தவை சுமாரான வண்டிகள். 26-க்காக வரைந்த ஃப்ரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்ததுபோல் இருந்தன, திரும்ப அடம்பிடித்தன. ஃபோர்க்கின் வளைவு அளவை மாற்றி, ஹப்பை அகலமாக்கி, ஃப்ரேம் கோணங்களைத் திருத்தி, படிப்படியாகத்தான் சரியானது. பழைய 29-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு "இது தேறாது" என்று சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு அவர்கள் சொன்னது சரி.

2007-ல் கிர்க் பசென்டி என்ற அமெரிக்கர், பழைய பிரெஞ்சு டூரிங் சைக்கிள் அளவான 584-க்கு மலை டயர் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 27.5.

பந்தயக் களத்தைப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் ஜூலியன் அப்சலோன் 26-ல் தங்கம் வென்றார். நான்கே வருடத்தில் லண்டனில், செக் நாட்டின் யாரொஸ்லாவ் குல்ஹாவி 29-ல் தங்கம், ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் 27.5-ல் வெள்ளி. இருவருக்கும் இடையில் ஒரு வினாடிதான். 2016 ரியோவில் ஷூர்ட்டரும் 29-க்கு மாறித் தங்கம் எடுத்தார். மிகக் கரடான இறக்கப் பந்தயங்களில் மட்டும் "அங்கே பெரிய சக்கரம் சரிப்படாது" என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது. 2017-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பையில் கிரெக் மின்னார் 29-ல் ஜெயித்து அதையும் உடைத்தார். 2019-ல் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. கல்லில் ஏற முன்னால் 29, திரும்பவும் பின்னால் சாயவும் வசதியாகப் பின்னால் 27.5 என்ற கலப்பு இன்று இறக்கப் பந்தயங்களில் சகஜம்.

என் பங்குக்கு

இப்போது என் பழைய வாதம் என்ன ஆகிறது? பாதி தோற்றது. 29 வெறும் வியாபார தந்திரம் இல்லை, கணக்கும் பந்தயமும் அதன் பக்கம் இருக்கின்றன. ஆனால் இன்னொரு பாதி நிற்கிறது. கரடுமுரடான பாதைக்கு எது சரியான விட்டம் என்று யாரும் வெள்ளைத்தாளில் ஆரம்பித்துக் கணக்குப் போடவே இல்லை. ஒன்று அமெரிக்கச் சிறுவர் சைக்கிளிலிருந்து வந்தது, ஒன்று பிரெஞ்சு டூரிங் சைக்கிளிலிருந்து, ஒன்று ரோடு சைக்கிளிலிருந்து. மூன்றுமே இரவல். கையில் என்ன டயர் இருக்கிறதோ, என்ன ரிம் கிடைக்கிறதோ, அதற்குள்தான் போட்டியே நடந்தது. முப்பது வருடம் 26 நின்றதற்கும் அது சிறந்தது என்பது காரணம் இல்லை. அதை அவ்வளவு சுலபமாகத் துடைத்துப் போட்டதில் கம்பெனிகளுக்கு லாபம் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன்.

நண்பனின் 29-ஐ வாங்கி, நான் வழக்கமாக இறங்கிப் போகும் ஒரு பாறைத் தொகுப்பில் ஓட்டிப் பார்த்தேன். எப்போதும் ஓரிடத்தில் கால் ஊன்றுவேன். அன்று ஊன்றவில்லை. அதற்கு மேல் எனக்கு வாதம் செய்ய மனசு வரவில்லை.

என் 26-ஐ விற்கவில்லை. வேறொரு கடையில் ஒரு பெரியவர் ஃபோர்க்கின் சீலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயது மகளுக்கு அந்த உயரம் அளவெடுத்தாற்போல் இருக்கிறது. குறுகலான வளைவில் அவள் திருப்பும் வேகத்துக்கு நண்பனின் 29-ஆல் ஈடு கொடுக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 559 மி.மீ. டயர் இரண்டு வாங்கிப் பரணில் வைத்திருக்கிறேன். ரிம் இருந்தும் டயர் வராமல் போன கதையைத்தான் படித்துவிட்டேனே.