காடையின் இறகு

1964இல் நிக்கோல் லெ துவாரேன் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது பிரான்சில் திருமணமான பெண் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கக் கணவனின் சம்மதம் வேண்டும். அந்த நிலையை மாற்றிய சட்டம் மறு ஆண்டு ஜூலையில்தான் வந்தது. கருவியலில் ஆய்வேடு எழுதி முடித்தவருக்குக் கணவனின் சம்மதமின்றி வங்கிக் கணக்குத் தொடங்கும் உரிமை அதற்குப் பிறகே கிடைத்தது. அவருடைய அறிவியலைப் பற்றிப் பேசும்போது இந்த ஓராண்டு இடைவெளியையும் சேர்த்தே பேச வேண்டும்.

1930இல் பிரிட்டனி கடற்கரையின் லோரியான் ஊரில் பிறந்தவர். பட்டம் பெற்றதும் பள்ளி ஆசிரியரானார். 1950களின் இறுதியில்தான் பாரிசை அடுத்த நோஜான்-சூர்-மார்னில், எத்தியேன் வொல்ஃப் நடத்திய கருவியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். வாழ்க்கைக் குறிப்புகள் இதைத் ‘தாமதம்’ என்று சொல்லக்கூடும். பெண்களின் காலத்தை அளக்க வேறொரு கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை.

அவருடைய பெரிய கண்டுபிடிப்புக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. கோழிக் கருவோடு ஜப்பானியக் காடையின் கருத்திசுவைச் சேர்த்து வளர்த்தபோது, சாயமேற்றிய காடைச் செல்லின் உட்கருவில் அடர்த்தியான ஒரு புள்ளி தெரிந்தது. கோழிச் செல்லில் அது இல்லை. மற்றவர்கள் கடந்துபோயிருக்கக்கூடிய அந்தப் புள்ளியில் அவர் நின்றார். வளரும் உடலில் எந்தச் செல் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பின்தொடர ஓர் அழியாத அடையாளம் கிடைத்துவிட்டது. 1969இல் இதை வெளியிட்டார்.

அடுத்து தைமஸ் சுரப்பி. நோய் எதிர்ப்பு அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அது. அந்த அணுக்கள் சுரப்பியின் சொந்தத் திசுவிலிருந்தே உருவாகின்றனவா, வெளியிலிருந்து வருகின்றனவா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. லெ துவாரேனும் பிரான்சின் ஜொத்ரோவும் 1975இல் காடை அடையாளத்தைக் கொண்டு விடை காட்டினார்கள். எல்லாம் வெளியிலிருந்து, இரத்தத்தின் வழியே வந்து குடியேறியவை. கோழிக் கருவில் ஆறரை நாள் அளவில் தைமஸ் திறக்கிறது. ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. பிறகு மீண்டும் திறக்கிறது. குருத்தணுக்கள் அலை அலையாக உள்ளே வருகின்றன.

அப்படியானால் அந்தக் குருத்தணுக்கள் எங்கே பிறக்கின்றன? இதற்கு விடை தேடியவரும் ஒரு பெண். ஃபிரான்சுவாஸ் தியெதெர்லென்-லியேவ்ர், கோழி முட்டையின் கருவுணவுப் பையின் மீது காடைக் கருவைப் பொருத்தி வளர்த்தார். முதிர்ந்த இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் பையிலிருந்து வரவில்லை, கருவின் உடலுக்குள்ளிருந்தே வருகின்றன என்று தெரிந்தது. ஒரு பெண்ணை மட்டும் அதிசயமாக நிறுத்தி வைத்துப் பேசும் வரலாற்றில் இத்தகைய இரண்டாம் பெயர்கள் உதிர்ந்துபோகின்றன.

1980களில் கேள்வி இன்னும் ஆழமானது. கோழிக் கருவில் காடையின் இறக்கை மொட்டை ஒட்டினால் குஞ்சு காடை இறக்கையோடு பொரிந்து வரும். ஆனால் சில வாரங்களில் அதன் எதிர்ப்பாற்றல் விழித்து, பிறந்தது முதல் தன்னோடிருந்த இறக்கையையே அந்நியமென்று தாக்கும். கருவிலேயே காடையின் தைமஸ் திசுவையும் சேர்த்து வைத்தால், இறக்கை தப்பிப் பிழைத்தது. ‘இது நான், இது பிறர்’ என்ற அறிவை உடல் பிறவியிலேயே முழுதாகக் கொண்டுவருவதில்லை, தைமஸில் கற்றுக்கொள்கிறது. எதை உடனிருந்து பழகியதோ, அதைத் தன்னுடையதென ஏற்கிறது.

எதிர்ப்பாற்றல் பற்றிய பாடங்கள் இன்றும் போர்க்களச் சொற்களால் நிறைந்திருக்கின்றன: படை, எதிரி, கோட்டை. இவருடைய ஆய்வு தந்த சித்திரம் வேறு. கோட்டையைக் காப்பவர்களே வெளியிலிருந்து வந்தவர்கள்.

அவர் நுழைந்த கோட்டைகளும் சாதாரணமானவை அல்ல. பிரெஞ்சு அறிவியல் கழகம் 1911இல் மேரி கியூரியைத் தேர்ந்தெடுக்க மறுத்தது. முழு உறுப்பினராக முதல் பெண்ணை, கணித அறிஞர் இவோன் ஷோக்கே-புருவாவை, ஏற்க 1979 ஆனது. 1982இல் லெ துவாரேன் உறுப்பினரானார். கொலேஜ் து பிரான்சில் பேராசிரியரானார். 2001 முதல் 2005 வரை அதே கழகத்தின் நிரந்தரச் செயலாளராக இருந்தார்.

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. தைமஸைப் போலவே நிறுவனங்களும் கொஞ்ச காலம் திறந்து மூடிக்கொள்கின்றன. பிள்ளை வளர்த்துவிட்டு முப்பத்தைந்து வயதில் ஆய்வுக்கு வரும் பெண்ணிடம் நேர்காணல் குழு கேட்கும் முதல் கேள்வி எது என்று நமக்குத் தெரியும். தைமஸின் கதவு மறுபடி திறக்கும் என்பது உயிரியல். நம் கதவுகளை யாராவது திறந்தாக வேண்டும்.