பிரெஞ்சுச் சிவப்பு ஒயின், சிங்கப்பூர் இல்லங்களில்

கருந்திராட்சையின் சாற்றைத் தோலோடும் வித்தோடும் புளிக்கவைத்து, தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ பக்குவப்படுத்திப் பெறும் இம்மதுவின் நிறமும், டேனின் எனப்படும் துவர்ப்புச் சத்தும் பெரும்பாலும் தோலிலிருந்தே இறங்குகின்றன. போர்தோவின் காபெர்னே சோவின்யோன், மெர்லோ, பர்கண்டியின் பினோ நுவார், போஜொலேயின் காமே, ரோன் பள்ளத்தாக்கின் சிரா, கிரனாஷ் ஆகியன பிரசித்தி பெற்ற திராட்சை இனங்கள்.

தமிழர் தொடர்பு: மேனாட்டுத் திராட்சை மது தமிழர்க்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது; புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளுடைய ஓடுகள் கிடைத்தன.

தீர்வையும் சட்டமும்: பிரான்ஸிலிருந்து வரவேண்டிய பண்டமாதலின் இதன் விலையில் தீர்வைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒயினில் அடங்கிய தூய ஆல்கஹால் லிட்டர் ஒன்றுக்கு 88 வெள்ளி என்ற விகிதப்படி, 13 சதவீத ஆல்கஹால் கொண்ட 750 மில்லிலிட்டர் போத்தலுக்குத் தீர்வை மட்டும் 8.58 வெள்ளியாகும், பொருள் சேவை வரி 9 சதவீதம் தனி. 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து துவாஸ் சோதனைச்சாவடிக்கு வருவோர், மலேசியாவிலிருந்து வருபவர்களாதலின், மதுவுக்குத் தீர்வை விலக்குப் பெறார். ஒரு போத்தலாயினும் அதிகாரிகளிடம் அறிவித்துத் தீர்வை செலுத்துதல் கடமை.

லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 அன்று நிகழ்ந்த கலவரத்திற்குப் பின், 2015இல் அமலுக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுக்கிறது. லிட்டில் இந்தியா வட்டாரத்திலோ இத்தடை சனிக்கிழமை காலை முதல் திங்கட்கிழமை காலை வரை நீள்கிறது. வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளமும் பொது இடமாகவே கருதப்படுவதால், நிதானமாய் அருந்த விரும்புவோர்க்குச் சொந்த வீட்டு உணவு மேசையே உகந்த ஸ்தானம்.

பரிமாறும் முறை: சிவப்பு ஒயினை அறையின் உஷ்ணநிலையிலேயே அருந்த வேண்டும் என்ற வழக்கு, குளிர்ந்த ஐரோப்பிய மாளிகைகளில் தோன்றியது. பகலில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் இத்தீவில் அதனை அவ்வாறே பின்பற்றினால் ஆல்கஹால் நெடி மேலோங்கி, பழமணம் மங்கிவிடும். போர்தோவுக்கு 16 முதல் 18 பாகையும், காமே ஒயினுக்கு 12 முதல் 14 பாகையும் பொருத்தமாதலின், திறப்பதற்கு முன் ஒரு மணி நேரத்திற்கு மேல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் இங்கு அவசியம்.

உணவுப் பொருத்தம்: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டுகிறது, மிகுந்த துவர்ப்பும் காரத்தோடு இணங்குவதில்லை. ஆகையால் மீன் தலைக் கறிக்குத் துவர்ப்புக் குறைந்த காமேயும், மிளகு தூக்கலான ஆட்டிறைச்சி வறுவலுக்கு இயல்பாகவே மிளகு வாசனை கொண்ட சிராவும் இசைகின்றன. நீண்ட காலம் பேணப்பட்ட விலையுயர்ந்த போர்தோவின் நுண்ணிய மணங்கள் நம் மசாலையில் மறைந்துபோகும். காரமான வீட்டுச் சமையலுக்கு இளமையும் மென்மையும் வாய்ந்த எளிய ஒயினே உண்மையான இன்பம் தரும்.

அளவு: ஒரு போத்தல் 150 மில்லிலிட்டர் கொண்ட ஐந்து கோப்பைகளாகும். இருவர் உண்ணும் வீட்டில் அதனை ஓரிரவிலேயே முடிக்க வேண்டுவதில்லை. தக்கையிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பின் மேலும் மூன்று நாட்களுக்குச் சுவை பெரிதும் குன்றாது.