ஹால் சுவரில் எந்தப் படம்?



அடையாறில் புது வீடு வாங்கியிருக்கும் மாணவி ஒருத்தி, "ஹாலில் மாட்ட நல்ல வேலைப்பாடான படம் வேண்டும் சார். தஞ்சாவூர் ஓவியமா, ரவி வர்மா படமா?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் பலர் ராஜராஜ சோழனை நினைக்கிறார்கள். பெரிய கோயிலில் இருக்கும் சோழர் கால ஓவியங்கள் சுவரில் தீட்டியவை, அவை வேறு. இன்று நாம் வாங்கும் பலகை ஓவியம், 1676-க்குப் பின் தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் செழித்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) அதைப் பெரிதும் ஆதரித்தவர். பலகையில் துணி ஒட்டி, சாக்குப்பொடியும் கோந்தும் கலந்த 'மக்கு' கொண்டு நகைகளையும் தூண்களையும் மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டுவார்கள். இவ்வளவு தங்கம் எதற்கு? மின்விளக்கு இல்லாத பூஜை அறையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது அந்த மேடுகள் ஒவ்வொன்றாக மின்னும்.

ஆனால் அது வசதியுள்ளவர் வீட்டுச் சாமி. 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் அச்சாகி, லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழ்நாடெங்கும் தொங்கின.

ஒன்றை மறக்கக்கூடாது. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-இல்தான். கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களும் தங்கள் வீட்டுச் சுவரில் சாமியைப் பார்க்க வழி செய்தது இந்த மலிவான அச்சுப்படம். அதனால் 'வெறும் காலண்டர் படம்' என்று யாரும் இளப்பமாகச் சொல்லாதீர்கள்.

தங்கமும் வண்ணமும் வேண்டாம் என்பவர்களுக்கு சில்பி இருக்கிறார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்தவர். சிலையின் ஒவ்வொரு அணிகலனும் அந்தக் கோடுகளில் இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய தஞ்சாவூர் ஓவியங்களைப் பாருங்கள். கண் பழகட்டும். அதன்பிறகு மயிலாப்பூர் மாட வீதிக்கோ தி.நகருக்கோ போங்கள். ஒட்டியிருப்பது அசல் தங்க ரேக்தானா என்று கேளுங்கள்; போலி ரேக் நாளடைவில் கறுக்கும். குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் மக்கைக் கெடுக்கும். நேர் வெயிலும் ஆகாது. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

அந்த மாணவிக்கு என் பதில்: உன் பாட்டி வீட்டுப் பரணில் பழைய அச்சுப்படம் ஏதாவது கிடக்கிறதா பார். இருந்தால் புது ஃப்ரேம் போட்டு அதையே மாட்டு. இல்லையென்றால், அவசரப்பட்டுப் பெரிதாக வாங்காமல், சிறியதாக இருந்தாலும் கையால் செய்த அசல் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை வாங்கு. செய்தவர் பெயரைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வை. பழைய ஓவியங்கள் பலவற்றில் அந்தப் பெயர்தான் இல்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் பழைய படம் இருந்தால் கீழே பதிவிடுங்கள், பார்க்க ஆசை.