கேபிள் அறுந்தா யார் யாருக்குப் போகும்?

எங்க ஊர் சங்கரன்கோவில்ல விசைத்தறிக்குப் பஞ்சமில்லை. தறியில ரெண்டு நூல். நீளவாக்குல பாவு, குறுக்க ஊடை. ஊடை அறுந்தா தறி அப்பவே நின்னுடும். பாவுல ஒரு இழை அறுந்தா சாதாரணத் தறி அது பாட்டுக்கு ஓடும், சேலையில ஒரு கோடு மட்டும் விழும். நெட்வொர்க் கேபிளோட அம்பது வருச வரலாறும் என்னைக் கேட்டா இந்த ஒரே கேள்விதாங்க: ஒரு இடத்துல அறுந்தா யாரெல்லாம் நிக்கணும்? வேகத்தைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் அறுந்த கதையைச் சொல்றேன்.

1973ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சிக்கூடத்துல ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை ஆரம்பிச்சாங்க. நீளமா ஒரே ஒரு கோ-ஆக்ஸியல் கேபிள், எல்லாக் கம்ப்யூட்டரும் அதுல தொத்திக்கணும். ஒருத்தர் பேசுறது எல்லாருக்கும் கேக்கும், அவங்கவங்க விலாசத்துக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கணும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசிட்டா மோதல். ரெண்டு பேரும் நிறுத்திட்டு, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசணும். குழாயடிச் சண்டையில இவ்வளவு நாகரிகம் கிடையாது :-)

அந்தத் தடி கேபிள் ஒரு துண்டு 500 மீட்டர் வரைக்கும் போகும். வளைக்கிறதே கஷ்டம். கம்ப்யூட்டரை இணைக்க கேபிளோட தோலைக் குத்தி உள்ள இருக்கிற செம்பைத் தொடணும். ரத்தக்காட்டேரின்னே அந்தக் கருவிக்குப் பட்டப்பேர்.

அப்புறம் ஒல்லிக் கேபிள் வந்துச்சு. நான் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்துல (பேர் வேண்டாம்) இதுதான். கறுப்பு ஒயர் ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலயும் ஒரு டீ வடிவ இணைப்பில ஏறி இறங்கி, அடுத்த மெஷினுக்குப் போகும். மொத்தம் 185 மீட்டர், 30 மெஷின். ரெண்டு கடைசியிலயும் 50 ஓம்ஸ் டெர்மினேட்டர் (அர்னால்டு இல்லைங்க, சின்ன மூடி மாதிரி இருக்கும்). அது எதுக்குன்னா, கிணத்துக்குள்ள கத்தினா எதிரொலி வருதில்ல, அதே மாதிரி சிக்னலும் ஒயர் முனையில முட்டித் திரும்பி வந்து நல்ல சிக்னலைக் கெடுக்கும். டெர்மினேட்டர் அதை முழுங்கிடும். கேபிள் டிவி ஒயரும் இதே ஜாதிதான், ஆனா அது 75 ஓம்ஸ். மிச்சம் கிடக்குதேன்னு எடுத்துப் போட்டா வேலைக்கு ஆகாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். யாராவது காலை நீட்டி ஒரு டீ கழண்டுச்சுன்னா மொத்த ரூமும் காலி. எங்க கழண்டுச்சுன்னும் தெரியாது. அங்க இருந்த அண்ணாச்சி ஒருத்தர் டெர்மினேட்டரைக் கையில வச்சுக்கிட்டு, நடு மெஷின்ல கழட்டி மாட்டிப் பாப்பார். இந்தப் பாதி ஓடுதா? அப்பக் குறை அந்தப் பாதியில. திரும்ப அதுல பாதி. "எவம்ல காலை ஆட்டுனது?"ன்னு கேட்டுக்கிட்டே தேடுவார். ஒரு ஆள் கால் பட்டதுக்கு முப்பது பேர் சும்மா உக்காந்திருக்கணும். இது ஊடை நூல் கணக்கு.

இதுக்கு மருந்து டெலிபோன்காரங்ககிட்ட ரொம்ப நாளாவே இருந்துச்சு. ரெண்டு செம்பு ஒயரை ஒண்ணோட ஒண்ணு முறுக்கிவிட்டா பக்கத்து லைன் பேச்சு கலக்காதுன்னு 1881லயே கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிட்டார். வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டு ஒயர்லயும் ஒரே அளவு ஏறும். வாங்குற பக்கம் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாக்கும், இரைச்சல் கழிஞ்சுபோகும். அவ்வளவுதான் சூட்சுமம். 1990ல இதையே ஈதர்நெட்டுக்குத் தரமா அறிவிச்சாங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஒயர், 100 மீட்டருக்குள்ள, நடுவுல ஒரு ஹப். ஒயர் செலவு கூடுதல்தான். ஆனா ஒருத்தன் ஒயர் போனா அவனுக்கு மட்டும்தான் போகும். ஹப்பே போனா எல்லாரும் படுப்பாங்க, ஆனாலும் தேட வேண்டிய இடம் ஒண்ணு. வேகம் ரெண்டுலயும் அதே 10 மெகாபிட்தான். கோ-ஆக்ஸியலை முறுக்கு ஒயர் தோற்கடிச்சது வேகத்தால இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்னு மனப்பாடம் பண்ணிக் கிரிம்ப்பிங் பண்ணினவங்களுக்கு அந்த வாசனையே தெரியும்.

2005ல பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தப்பவும் வீட்டுக்கு வந்தது இதே முறுக்கின டெலிபோன் ஜோடிதான். தெருவுல எவனோ பள்ளம் தோண்டினா அந்தத் தெரு போகும், ஊர் போகாது.

ஆனா ஊருக்கு வெளிய போனா கதை மாறுது. சென்னையில கரையேறுற கடல் கேபிள்கள்ல ஒண்ணு சிங்கப்பூரையும் ஐரோப்பாவையும் இணைக்கிற சீ-மீ-வீ 4. 2008 ஜனவரி 30 அன்னைக்கு எகிப்தோட அலெக்ஸாண்ட்ரியா பக்கம் இதுவும் ஃப்ளாக் கேபிளும் அறுந்துச்சு. எங்கயோ மத்தியதரைக் கடல்ல அறுந்ததுக்கு இந்தியா பூரா நெட் இழுத்துச்சு. கிழக்கால சிங்கப்பூர் பக்கம் போற கேபிள்கள் இருந்ததாலதான் சுத்தி விட்டாவது ஒப்பேத்த முடிஞ்சுது. மெஷினுக்கு மெஷின் தனி ஒயர் இழுத்த நாம, கண்டத்துக்குக் கண்டம் விரல்விட்டு எண்ணுற அளவு கேபிளைத்தான் நம்பிக்கிட்டிருந்தோம்.

இப்ப வீட்டுக்கே கண்ணாடி இழை வந்துடுச்சு. கண்ணாடியில ஒளியை ரொம்ப தூரம் அனுப்ப முடியும்னு 1966ல எழுதிக் காட்டின சார்லஸ் காவோவுக்கு 2009ல நோபல் பரிசு குடுத்தாங்க, நாப்பத்திமூணு வருசம் கழிச்சு. சரி, வீட்டு இழை எப்படி வருதுன்னு கம்பத்துல தொங்குற பெட்டியைத் திறக்கிறப்ப பாத்திருக்கீங்களா? பெரும்பாலும் ஒரே இழையை, கரண்ட்டே இல்லாத ஒரு ஸ்பிளிட்டர் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சு விடுது. இறங்கி வர்ற ஒளி எல்லா வீட்டுக்கும் போகும், பூட்டு போட்டு வரும், அவங்கவங்க பங்கை மட்டும் பெட்டி எடுத்துக்கும். ஏறிப் போறதுக்கு மட்டும் முறை. முந்தினவன் பேசுறது கிடையாது, எப்பப் பேசணும்னு எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல இருக்கிற மெஷின் நேரம் ஒதுக்கும்.

அடப்பாவிகளா, இது 1973 கேபிள்தானே! சண்டையை மட்டும் தீர்த்துட்டு, பங்கு போடுறதைத் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. உங்க வீட்டுக்கு வர்ற இழை அறுந்தா உங்களுக்கு மட்டும் போகும். ஸ்பிளிட்டருக்கு முன்னால லாரி இடிச்சு கம்பம் சாஞ்சா 32 வீடும் போகும். கஸ்டமர் கேருக்குப் போன் போடுறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அவங்களுக்கும் இல்லைன்னா மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுறதுல பிரயோஜனமே இல்லை.