பேச்சைப் பறித்த பட்டம்

கையில் அடி இல்லை, எலும்பு முறிவும் இல்லை. ஆனாலும் அந்த இளைஞர் வலது கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நடமாடினார். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவருக்குத் திக்குவாய்!

இளைஞரின் பெயர் வெண்டல் ஜான்சன். இடம், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம். காலம், 1920-களின் பிற்பகுதி.

பேச்சுக் கோளாறுகளை ஒரு தனி அறிவியலாகவே சொல்லித்தர வேண்டும் என்று அப்போதே முனைந்து நின்ற பல்கலைக்கழகம் அது. அங்கே உளவியல் துறையில் கோலோச்சிய கார்ல் சீஷோர், லீ டிராவிஸ் என்ற மாணவரை இதற்கென்றே தயார் செய்தார். உளவியல் மட்டும் போதாது, இயற்பியலும் மருத்துவமும் சேர்த்துப் படி என்றார். 1924-ல் முனைவர் பட்டம் வாங்கிய டிராவிஸ், பேச்சு சிகிச்சைக் கூடத்தின் தலைவரானார். மூளையின் இரண்டு பாதிகளும் 'நான்தான் பெரியவன்' என்று சண்டை போடுவதால்தான் திக்குகிறது என்பது அவருடைய கொள்கை. வலது கையை முடக்கி இடது கையைப் பழக்கினால் சண்டை தீரும் என்று நம்பினார்கள். அதற்குத்தான் மாவுக்கட்டு!

கட்டுப் போட்டும் ஜான்சனின் திக்கல் போகவில்லை. ஆனால் அவர் ஆளே மாறிப்போனார். நோயாளியாக வந்தவர், ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். 1931-ல் முனைவர் பட்டம். பிறகு அங்கேயே பேராசிரியர். சிறு வயதில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். 'பையனுக்குத் திக்குகிறதே' என்று ஓர் ஆசிரியர் அவருடைய பெற்றோரிடம் சொன்ன பிறகுதான் எல்லாமே கெட்டது என்று அவருக்குத் தோன்றியது. திக்கல் குழந்தையின் வாயில் இல்லை, கேட்கிற பெரியவர்களின் காதில்தான் தொடங்குகிறது! இது அவருடைய புதுக் கொள்கை.

சரி, இதை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் வரலாறு இருட்டுக்குள் நுழைகிறது.

மேரி டியூடர் என்ற 22 வயது மாணவிக்கு முதுநிலைப் பட்ட ஆய்வுக்காக ஜான்சன் ஒரு தலைப்புக் கொடுத்தார். 1939 ஜனவரியில் அந்தப் பெண் டேவன்போர்ட் ஊரிலிருந்த அனாதை விடுதிக்குப் போனார். 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 12 பேர் சரளமாகப் பேசுகிறவர்கள். அந்த 12 பேரில் 6 குழந்தைகளிடம் மட்டும் ஒரு பொய் சொல்லப்பட்டது: உனக்குத் திக்குவாய் ஆரம்பித்துவிட்டது. சரியாகப் பேச வந்தால் பேசு, இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே! விடுதிப் பணிப்பெண்களையும் ஆசிரியர்களையும்கூட அப்படியே நம்ப வைத்தார்கள்.

ஏன் அனாதை விடுதி? கேட்க நாதியில்லாத பிள்ளைகள்... 'எம் பிள்ளையை என்னய்யா பண்றீங்க?' என்று சட்டையைப் பிடிக்க அப்பா, அம்மா வரமாட்டார்கள். அவ்வளவுதான் காரணம்!

சில மாதங்களிலேயே அந்தக் குழந்தைகள் சுருங்கிப் போனார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பயம், தயக்கம். சிலர் பேசவே மறுத்தார்கள். மனம் கேட்காத மேரி, பிறகு மூன்று முறை திரும்பிப் போய் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று தேற்றிப் பார்த்தார். ஒரு வார்த்தையால் போன தைரியம், இன்னொரு வார்த்தையால் திரும்பி வந்துவிடுமா என்ன?

மேரிக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போனது. ஜான்சன் அதைப் பத்திரிகை எதிலும் வெளியிடவில்லை. துறைக்குள்ளேயே சிலர் அதற்கு 'அரக்கத்தனமான ஆய்வு' என்று ரகசியமாகப் பெயர் வைத்தார்கள். ஜான்சனின் கொள்கையோ ஊரெல்லாம் பரவியது. பிள்ளை திக்கினால் அது பெற்றோர் குற்றம் என்று பல ஆண்டுகள் தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். 1965-ல் ஜான்சன் காலமானபோது துறையின் பெரிய மனிதர் அவர்.

2001-ல் கலிஃபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் சிக்கியிருந்தோம் என்பதே அந்தக் குழந்தைகளில் சிலருக்கு முதுமையில்தான் தெரிந்தது! வழக்குப் போட்டார்கள். 2007-ல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அதில் ஒரு பங்கு, இறந்து போனவர்களின் வாரிசுகளுக்கு.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2002-ல் நிக்கோலின் ஆம்ப்ரோஸ், எஹுட் யாய்ரி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மேரியின் ஆய்வேட்டைத் தூசி தட்டி அலசினார்கள். அந்த 6 பேரும் திக்குவாய் ஆனதற்கு அதில் ஆதாரமே இல்லை! பயந்தார்கள், ஒடுங்கினார்கள், திக்குவாய் ஆகவில்லை. அதாவது, எதை நிரூபிக்கக் குழந்தைகளைப் பலி கொடுத்தார்களோ, அது நிரூபணமாகவே இல்லை. 2010-ல் பாகிஸ்தான் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களே கிடைத்தன. தாய்மார்கள் அத்தனை காலம் சுமந்தது வீண்பழி!

நம் பள்ளிக்கூடங்களில் 'திக்குவாயன்' என்று பட்டப்பெயர் வைப்பது வெகு சாதாரணம். அந்தப் பெயர் திக்கலை உண்டாக்காது என்பது உண்மைதான். ஆனால், கையைத் தூக்கிப் பதில் சொல்ல நினைக்கிற பிள்ளையைக் கையைக் கீழே இறக்க வைத்துவிடும். டேவன்போர்ட் குழந்தைகள் நிரூபித்தது அதை மட்டும்தான்.