வாவிக்கரையின் ஒலிகளும் அவற்றின் உறைகளும்

இசைத்தட்டு, ஒலிநாடா, இறுவட்டு என எந்த வடிவில் வந்தாலும், ஓர் இசை வெளியீட்டை நூலகத்தாரும் சேகரிப்பாளரும் இருவகைத் தடயங்களைக் கொண்டே இனம் பிரித்து வந்துள்ளனர். முதலாவது பதிவின் தன்மை: ஒலி எங்கே, எப்போது, எக்கருவியால் பிடிக்கப்பட்டது, ஒலிக்கூடத்திலா களத்திலா, ஒற்றைத் தடத்திலா இரு தடத்திலா என்பன இதில் அடங்கும். இரண்டாவது பொதிவின் தன்மை: தட்டின் விட்டம், சுழலும் வேகம், நடுவே ஒட்டிய வட்டச் சிட்டை, விற்பனை எண், உறையின் அச்சு, உள்ளே வைத்த சிறுநூல் ஆகியவை இதன் உறுப்புகள். ஆயிரக்கணக்கான வெளியீடுகளைக் கண்ட சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களில் இவ்வகைப்பாடு ஒரு வசதி. ஆனால் வணிக வெளியீடு மிகக் குறைவாகவே எட்டிய மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திலோ, ஒரு பாட்டு யாருடையது, எந்த ஊரில் பிறந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சியே பெரும்பாலும் இந்தத் தடயங்கள்தாம். அதனால், வாவிக்கரையின் ஒலிகள் எந்தெந்த உறைகளுக்குள், எந்தெந்தத் தலைப்புகளின் கீழ் போய்ச் சேர்ந்தன என்பதே அப்பிரதேச இசை வரலாற்றின் ஒரு முதன்மையான பகுதியாகிறது.

ஒலிப்பதிவுக் கருவி வருமுன்னரே இப்பிரதேசப் பாடல்களைத் தாளில் வகைப்படுத்தும் முயற்சி தொடங்கிவிட்டது. 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர் 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தபோதும், அவர்களின் மொழியிலிருந்து கிளைத்த கிரியோல், அதாவது இரு மொழிகள் கலந்து தாய்மொழியாகிவிட்ட பேச்சு, மட்டக்களப்புப் பறங்கியரிடம் தங்கிவிட்டது. இலங்கைச் சிவில் சேவை அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் அம்மொழிப் பாடல்களைத் திரட்டிய கையெழுத்துப் படி, இன்று பிரித்தானிய நூலகத்தில் அவர் பெயரால் அமைந்த தொகுப்பில் உள்ளது. மட்டக்களப்புப் பாடல்கள் ஒரு பிரிவு, காப்பிரி ஆடற்பாடல்கள் இன்னொரு பிரிவு, கதைப்பாட்டு மற்றொரு பிரிவு என அதிலேயே இடமும் ஆடலும் பொருளும் வகுக்கும் அளவைகளாகிவிட்டன. தமிழ்ப் பாடல்களின் பக்கம் பார்த்தால், தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு, சிறுவர்கள் கோலடித்து ஆடும் வசந்தன் ஆட்டத்தின் பாடல்களை அச்சேற்றியது, வி.சி. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ கூத்து, கண்ணகை வழிபாடு, நாட்டுப்பாடல் அனைத்தையும் ஒரே நூலின் பரப்புக்குள் கொண்டுவந்தது. தாள் சொல்லைக் காத்தது. மெட்டையும் மத்தளக் கட்டையும் குரலின் குழைவையும் காக்க அதனால் இயலவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்த இசைத்தட்டு வேறொரு குறையோடு வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 10 அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிட ஒலியே அடங்கும். அத்தட்டின் நடுச் சிட்டையில் நிறுவனத்தின் சின்னம், மொழி, பாடகர் பெயர், பாட்டின் முதற்சொற்கள், சிலவேளை இராகமும் தாளமும், அவற்றோடு விற்பனை எண்ணும் அச்சாகியிருக்கும். சிட்டைக்கு வெளியே, ஊசி ஓடி முடியும் வழுவழுப்பான வளையத்தில், ‘மேட்ரிக்ஸ் எண்’ எனப்படும் அச்சு எண் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பனை எண் கடைக்காரருக்கு உரியது. ஒரே பதிவு வேறு விற்பனை எண்ணோடு மறுபடி சந்தைக்கு வரலாம். அச்சு எண்ணோ பதிவுக்கே உரியது. இரண்டு தட்டுகளில் உள்ளது ஒரே பதிவா, அதே பாடகரின் வேறொரு முறைப் பாட்டா என்று தீர்ப்பதற்கு அதைவிட நம்பகமான சான்று கிடையாது. 1902இல் கொல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொன்னார். அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிடப்பட்டதால், பாடுபவரை அறியாத தொழிலாளர் சரியான சிட்டையை ஒட்டுவதற்கு அந்தக் குரலே வழிகாட்டியது. சிட்டை சொல்ல வேண்டியதைப் பதிவே தன்னுள் சுமந்த அந்த ஏற்பாடு, பின்னாளில் களப்பதிவாளர் பலரும் கைக்கொண்ட முறைக்கு முன்னோடி எனலாம்.

இந்த 3 நிமிடச் சட்டத்துக்குள் வாவிக்கரையின் பெருங்கலையான கூத்து அடங்கவே இல்லை. வடமோடி, தென்மோடி என்று ஆட்டத்தாலும் பாட்டு முறையாலும் வேறுபடும் இரு பிரிவுக் கூத்துகளும் இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடப்படுபவை; கூத்தின் ஆசானான அண்ணாவியார் மத்தளம் வாசிக்க, சல்லரி தாளம் இட, கூத்தர் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். தென்மோடியில் ஒருவர் பாடும் தரு என்னும் கூத்துப்பாட்டு ஒன்றை மட்டும் தனியே வெட்டித் தட்டில் ஏற்றினால் பிற்பாட்டும் ஆட்டமும் விலகிப்போய்க் கூத்து வெறும் வாய்ப்பாட்டாகிவிடும். நேரத்தின் நெருக்குதல் மேடையிலும் இருந்தது: பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைத் தயாரித்து, விடியும்வரை நீளும் ஆட்டத்தை நகர அரங்கின் கால அளவுக்குச் சுருக்கினார், சி. மௌனகுரு அவற்றில் ஆடி, அம்மரபைப் பின்னர் தாமே வளர்த்தெடுத்தார். மேடைக்காகச் சுருங்கிய கூத்தை ஊர்க்களரியின் கூத்தென்று பட்டியலில் எழுதுவது பிழையாகும். ‘மேடைப் பதிப்பு’, ‘களரிப் பதிப்பு’ என்னும் பிரிவு கூத்துப் பதிவுகளை அட்டவணையிடும் எவரும் முதலில் வைக்க வேண்டிய பிரிவு.

வணிகத் தட்டுகளில் வாவிக்கரை இடம்பெற்றது சுற்றுவழியில்தான். பறங்கியர் திருமணங்களில் வயலின், கித்தார், றபான், முக்கோணமணி ஆகியவற்றோடு ஆடப்பட்ட காப்பிரிஞ்சாவின் ஆறு-எட்டு நடை, கொழும்பில் பைலாவாக உருமாறி வாலி பஸ்டியன் போன்ற பாடகர்களால் சிங்களப் பொதுமக்களிடம் பரவியது. 1960களின் பிற்பகுதியில் ஜெரால்ட் விக்கிரமசூரிய தொடங்கிய சூரியா நிறுவனமும் அதையொத்த பிற இலங்கை நிறுவனங்களும் 45 சுற்று வேகத்தில் சுழலும் 7 அங்குல ஈ.பி. தட்டுகளை, அதாவது பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் தாங்கும் நடுத்தர நீளத் தட்டுகளை, வண்ணப்படம் அச்சிட்ட அட்டை உறையில் விற்றன. அதே காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் அந்நடையைத் தமிழுக்குக் கொண்டுவர, ‘பொப்பிசை’ என்னும் தனித் தலைப்பு உருவாயிற்று. உறைகள் பாடகரையும் குழுவையும் சொல்லின. நடை எங்கிருந்து வந்ததென்று சொல்ல அவற்றில் இடமில்லை. இலங்கைத் தட்டுகளைப் பட்டியலிடுவோர் உறையில் உள்ளதை மட்டுமே நகலெடுத்தால் மட்டக்களப்பு என்னும் பெயர் அப்பட்டியலில் ஓரிடத்திலும் தோன்றாது. இது பெரும் இழப்பு. உறையைப் படிப்பதோடு தாளத்தையும் கேட்டு எழுதும் பட்டியலாளர் மட்டுமே இதை ஈடுசெய்ய முடியும்.

வாவியின் பெயரைத் தாங்கி உலகெங்கும் அறியப்பட்ட ஒலியோ மனிதர் பாடியதன்று; ‘பாடும் மீன்’ என்று அழைக்கப்படுவது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட், இரவில் ஓடத்தில் சென்று, ஒன்றோடொன்று கலவாத பல நுண்ணொலிகள் நீருக்கடியிலிருந்து எழுவதைக் கேட்டதையும், ஓடத்தின் மரத்தில் காதை வைத்தால் அவை வலுத்துக் கேட்டதையும் 1859இல் வெளியான தமது நூலில் பதிவு செய்தார். மீனவர் அவரிடம் காட்டியது மீனையன்று, ஊரி என்னும் நத்தையினத்தை. பிற்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவுகளில் துடுப்பின் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது வழக்கமாயிற்று. இயேசு சபைத் துறவியான லாங் அடிகளாரின் முயற்சியால் அவ்வொலி பதிவாகி 1960களில் இலங்கை வானொலியில் ஒலித்தது.

அந்தப் பதிவு எவ்வகையைச் சேரும் என்பது எளிதான கேள்வியன்று. ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா 1999இல் வெளியிட்ட அட்டவணை விதிகள், வெளியிடப்பட்டவை, வெளியிடப்படாதவை, ஒலிபரப்பப்பட்டவை என ஒலிப்பதிவுகளை வேறுபடுத்திக் கையாள்கின்றன. ‘பாடும் மீன்’ ஒலிபரப்பில் கேட்டது; நிகழ்த்துநர் என்னும் கட்டத்தில் எழுதப் பெயரில்லாதது; ஆயினும் பிரதேசத்தின் அடையாள இசையாகவே மக்களால் கொள்ளப்படுவது. இயற்கை ஒலி என்னும் பிரிவில் மட்டும் அதை வைத்தால், ‘யாழ்நூல்’ தந்த விபுலானந்த அடிகள் நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடிய மரபோடு அதற்குள்ள உறவு அறுந்துவிடும். பதிவிடத்தை, அதாவது வாவியின் எந்தப் பகுதி, எந்தப் பருவம், நீருக்கு மேலா கீழா என்பதை, முதன்மைத் தலைப்பாக்குவதே இங்கு பொருத்தமான வழி.

மட்டக்களப்பின் மனிதக் குரல்களுக்கு உறை கிடைத்தது 1998இல், அதுவும் போர்த்துக்கலில். லிஸ்பன் உலகக் கண்காட்சியையொட்டி டிராடிசோம் நிறுவனம் ‘ஒலிகளின் பயணம்’ என்னும் பொருளுடைய தொடராக 12 இறுவட்டுகளை வெளியிட்டது. அதன் மூன்றாவது இறுவட்டு ‘பைலா! சைலாவோ காஃப்ரிஞ்யா!’ என்னும் தலைப்பில் இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது. நெவிலின் கையெழுத்துப் படியை ஆராய்ந்து 1990இல் நூல் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சனின் உழைப்பே அதன் அடிப்படை. இறுவட்டோடு விரிவான சிறுநூலும் சேர்ந்த இவ்வெளியீட்டுமுறை, வணிகத் தட்டுக்கும் ஆய்வுநூலுக்கும் இடைப்பட்ட ஒரு வகை. நூலகம் அதை நூலடுக்கில் வைப்பதா, இசைப்பிரிவில் வைப்பதா என்று தயங்கும் அளவுக்கு எழுத்து மிகுந்தது. பாடலின் சொற்களும் பின்னணியும் இவ்வாறு பதிவோடு சேர்ந்தே பயணிப்பது மட்டக்களப்பு இசைக்கு அதற்குமுன் வாய்க்காத பேறு.

எனினும் தொடரின் அடுக்குமுறையை உற்று நோக்க வேண்டியுள்ளது. கோவா, தாமன், இலங்கை, மலாக்கா, திமோர், மக்காவ், மொசாம்பிக் என்று போர்த்துக்கேயர் கப்பல் சென்ற கரைகளே அதன் வரிசை; எனவே மட்டக்களப்புக் குரல்கள் கோவாவுக்கும் மலாக்காவுக்கும் அண்டையில் வைக்கப்பட்டன, அதே வாவியின் எதிர்க்கரையில் ஒலித்த வசந்தனுக்கும் கூத்துக்கும் அண்டையில் அல்ல. தச்சுவேலை, கொல்லுவேலை, தையல் முதலிய தொழில்களைச் செய்து, வீட்டுக்கு வெளியே தமிழ் பேசி வாழ்ந்த பறங்கியரின் அன்றாட உலகம் அவ்வரிசையில் தெரிவதில்லை. ஒரு தொடரின் தலைப்பு எதை நெருங்கவைக்கிறது, எதை விலக்கிவைக்கிறது என்பதைப் பட்டியல்களே உணர்த்த முடியும். அதற்கு ஒரே பதிவு மொழித் தலைப்பிலும் இடத் தலைப்பிலும் இருமுறை இடம்பெறுவது இன்றியமையாதது.

பிரதேசத்துக்குள்ளேயே பெருகிய பதிவுகள் ஒலிநாடாவில்தான் இருந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் கொண்டுவந்த பதிகருவிகளோடு 1980களில் ஊர்ப்புறம்வரை பரவியது. பக்கத்துக்கு 30 நிமிடம் கொள்ளும் நாடாவில் ஓர் இரவுக் கூத்தைப் பிடிக்க ஏழெட்டு நாடாக்கள் தேவைப்படும். பக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் சில கணங்கள் பாட்டு விடுபடும். கசெற்றின் பின்விளிம்பில் இரு சிறிய பிளாஸ்டிக் காதுகள் உண்டு: அவற்றை ஒடித்துவிட்டால் அந்நாடாவில் மறுபதிவு செய்ய இயலாது, ஒடித்த குழியைத் தாளாலோ ஒட்டுநாடாவாலோ அடைத்தால் மீண்டும் பதியலாம். திரைப்படப் பாடல் என்று அச்சிட்ட கசெற்றின் ஒடிந்த காதுக்குழி அடைக்கப்பட்டிருந்தால், அதனுள் வேறேதோ பதிவாகியிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. உறை ஒன்றும் உள்ளடக்கம் வேறுமாக உள்ள இந்நாடாக்களில் அச்சு எண்ணோ விற்பனை எண்ணோ கிடையாது. பேனாவால் உள்தாளில் எழுதிய ஊரும் திகதியும் அண்ணாவியார் பெயருமே சான்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் நாடாவில் பூஞ்சணம் படரச் செய்வதால், ஒலியைக் கணினிக்கு மாற்றும்போதே நாடாவின் இரு பக்கத்தையும் உள்தாளையும் காதுக்குழிகளையும் ஒளிப்படம் எடுத்து ஒலிக்கோப்போடு இணைத்துவைத்தல் தவிர்க்கவியலாத பணி.

2004 திசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார் கரையைத் தாக்கிப் பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை அழித்தபின், எஞ்சியோரின் மொழியையும் இசையையும் பதிவது அவசரமாயிற்று. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ 2015 முதல் நடத்திய ஆவணத் திட்டத்தில் மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் பேச்சும் பாட்டும் ஆடலும் ஒலி-ஒளிப் பதிவாயின. அவற்றின் இசைப்பகுதியை மகேஷ் ராதாகிருஷ்ணன் ஆராய்ந்தார். அப்பதிவுகள் லண்டனில் தொடங்கப்பெற்று 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்த அழிநிலை மொழிகள் காப்பகத்தில் உள்ளன. அங்கே உறையும் இல்லை, சிட்டையும் இல்லை; அவற்றின் இடத்தை மேல்தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு, பிடித்துள்ளது. பாடியவர், பதிந்தவர், இடம், நாள், மொழி, நிகழ்வின் வகை, யார் கேட்கலாம் என்னும் அனுமதி ஆகியன ஒவ்வொரு கோப்போடும் இணைகின்றன.

உள்நாட்டில், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம், தனது ‘ஆவணகம்’ பிரிவில் ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் இடம் வைத்துள்ளது. லண்டனில் கையெழுத்துப் படி, போர்த்துக்கலில் வந்த இறுவட்டு, பெர்லினில் எண்ணிமக் கோப்பு, மட்டக்களப்பு வீடுகளில் கசெற் என ஒரே வாவிக்கரையின் பாடல்கள் நான்கு வகைப் பொதிவில் நான்கு இடங்களில் கிடக்கையில், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய பொதுக் கட்டங்கள் பாடியவர் பெயரும், பதிந்த ஊரும், பதிந்த நாளும் மட்டுமே. அம்மூன்றையும் சொல்லக்கூடிய முதியவர்கள் டச்பாரிலும் தாண்டவன்வெளியிலும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கூத்தூர்களிலும் இருக்கும்போதே அந்தக் கட்டங்களை நிரப்பியாக வேண்டும்.